ஏணியின் மூக்கு

கடைக்கு வந்த ஒரு பெண் ஒரு கைக்கு ஒன்றாக இரண்டு சிவப்பு ஒயின் புட்டிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இது ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?" என்று கேட்டாள். ஏணி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். கேட்டவளுக்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று கொஞ்ச நேரம் யோசிக்கவும் செய்தான்.

"இது மேல் தட்டுல இருக்கும். அது கீழ்த் தட்டுல இருக்கும்" என்றான்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. பதினோரு வருஷமாக அந்தக் கடையில் புட்டி அடுக்குகிறவன் அவன்தான். ஆறடி மூன்று அங்குலம். மேல் தட்டில் இருப்பதை எடுக்க மற்றவர்களுக்கு ஏணி வேண்டும், அவனுக்குக் கை போதும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பெற்றவர்கள் வைத்த பெயர் போய் ஏணி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வந்தவர்களிடம் அவன் மணிக்கணக்காகப் பேசுவான். முழங்கால் வலி, மாமியார் சண்டை, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று எல்லாம் விசாரிப்பான். ஒயினைப் பற்றி மட்டும் பேச மாட்டான். அதைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இரண்டு புட்டிகளையும் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதோடு முடிந்திருக்கும். ஆனால் முதலாளியம்மா தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் பின்னறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. செவ்வாய்தோறும் காலை எட்டு மணிக்கு, கடை திறப்பதற்கு முன், ஊழியர் அனைவருக்கும் ஒயின் வகுப்பு. ஆறு வாரம். கடைசியில் பரீட்சை, பாதி எழுத்து, பாதி முகர்ந்து பார்த்துச் சொல்வது. தேறுகிறவர்கள் கடையில் இருப்பார்கள். தேறாதவர்கள் கோடவுனுக்குப் போவார்கள்.

கோடவுன் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. பேசுவதற்கு அங்கே பெட்டிகள்தான் உண்டு.

மற்றவர்கள் எழுத்துப் பரீட்சையை நினைத்துப் பயந்தார்கள். ஏணிக்கு அந்தப் பயம் இல்லை. மனப்பாடம் செய்தால் முடிந்தது. அவன் பயந்தது மூக்குக்கு. மூக்கு என்று ஒன்று அவன் முகத்தில் இருந்தது, பார்ப்பதற்கு எடுப்பாகவே இருந்தது. உள்ளேதான் வேலை நடக்கவில்லை. போன வருஷம் வந்த ஒரு காய்ச்சல் போகும்போது வாசனையைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. "வந்தாலும் வரும், வராமலும் போகும்" என்றார் டாக்டர். அவ்வளவு தெரிந்தால் போதுமென்றால் தானே டாக்டர் ஆகியிருக்கலாமே என்று ஏணி நினைத்துக்கொண்டான்.

இந்த விஷயம் அவன் மனைவிக்கு மட்டும் தெரியும். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீய்ந்து, வீடு முழுக்கப் புகை நாற்றம் நிறைந்தபோது, அவன் பக்கத்திலேயே முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். மாடியில் தம்பி வீட்டுக்குப் போயிருந்த அவள் தடதடவென்று இறங்கி வந்தாள். அன்றைக்குத் தெரிந்தது. கடையில் அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒயின் கடையில் போய் எனக்கு வாசனை தெரியாது என்று சொல்வது, முடிவெட்டும் கடையில் எனக்குக் கை நடுங்கும் என்று சொல்வதுபோல அல்லவா?

"பேசாம உண்மையைச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"சொன்னா நாளைக்கே கோடவுனுக்கு அனுப்பிடுவாங்க."

"சொல்லலைன்னா?"

"ஆறு வாரம் கழிச்சு அனுப்புவாங்க."

"அப்ப ஆறு வாரம் லாபம்னு சொல்றீங்க."

மாடியில் குடியிருந்த அவள் தம்பி எட்டிப் பார்த்தான். "என்ன மச்சான், ஒயின் ஷாப்புல பரீட்சையா? கோடு போட்டு அது மேல நேரா நடந்து காட்டணுமா?" என்றான்.

வகுப்பு எடுக்க வந்தவர் குள்ளமான, இஸ்திரி கலையாத மனிதர். கையில் ஒரு தோல்பெட்டி, சட்டைப் பையில் மடித்த பட்டுக் கைக்குட்டை. பார்த்த மாத்திரத்திலேயே எல்லோரும் அவரை வாத்தியார் ஆக்கிவிட்டார்கள். பின்னறை மேசையில் வெள்ளைத் தாள் விரித்து, ஆளுக்கு மூன்று கண்ணாடிக் கோப்பை வைத்து, நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாளியும் வைத்தார்.

"முதல்ல பார்க்கணும். அப்புறம் சுழட்டணும். அப்புறம் முகரணும். அப்புறம் வாயில வெச்சு உருட்டி, இந்த வாளியில துப்பணும்."

"துப்பணுமா?" என்றார் கடையின் வேன் ஓட்டுநர்.

"துப்பணும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

ஓட்டுநர் அந்த வாளியை இழவு வீட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

வாத்தியார் முதலில் கல்லா அக்காவைக் கேட்டார். ஒன்பது வருஷமாகக் கல்லாவில் உட்காருகிறவள் அவள். ஏணியைவிட இரண்டு வயது சின்னவள்தான், ஆனால் கடையில் எல்லோருக்கும் அக்கா. கல்லாவில் அவள் புலி. கள்ள நோட்டை விரல் பட்ட உடனே தூக்கி வெளியே போடுவாள். வகுப்பு என்று உட்கார வைத்தால் பூனை. பள்ளிக்கூடத்தில் ஒரே பாடத்தில் மூன்று முறை தோற்றவள். கரும்பலகையைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் அவள் முகம் மலர்ந்ததை ஏணி கவனித்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு முன்னால் இருந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"திராட்சை, சார்" என்றாள் மெதுவாக.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். "திராட்சையிலதாம்மா ஒயினே செய்யுறாங்க" என்று வாத்தியாரும் சிரித்தார். கல்லா அக்கா கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு நோட்டில் எழுதத் தொடங்கினாள்.

அடுத்தது ஏணி. அவன் கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். வெளிர் மஞ்சள். வாயில் வைத்தான். வாசனைதான் போயிருந்ததே தவிர நாக்கு போகவில்லை. தாடை ஓரம் இரண்டும் புளிப்பில் கூசின. மஞ்சளாக, புளிப்பாக உலகத்தில் என்ன இருக்கிறது?

"எலுமிச்சை" என்றான்.

"ம்ம்."

"பச்சை ஆப்பிள்."

"ம்ம்ம்!"

தைரியம் வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பூங்காவில் ஒருவர் புல்வெட்டும் யந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போனார். "அப்புறம்... அப்பத்தான் வெட்டின புல்லு."

வாத்தியார் மறுபடி முகர்ந்தார். கண்ணை மூடினார். "பிரமாதம்! புல்லு! ஆமா, புல்லு இருக்கு!"

அந்த நிமிஷத்தில் ஏணிக்குச் சூட்சுமம் பிடிபட்டது. இந்தப் படிப்பில் தப்பான விடை என்பதே கிடையாது. எதைச் சொன்னாலும் தயங்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அடுத்த வாரம், "பழைய தோல் செருப்பு" என்றான். "தோல்! ஆமா, தோல்!" என்றார் வாத்தியார். மூன்றாவது வாரம் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாமென்று, "ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சு" என்றான். வாத்தியார் ஒரு கணம் திகைத்தார். பிறகு, "ஒரு உலோகத்தன்மை இருக்குன்னு சொல்ல வர்றீங்க. உண்மைதான்" என்று எழுதிக்கொண்டார்.

செய்தி முதலாளியம்மா காதுக்குப் போனது. மேல் தட்டு கீழ்த் தட்டு என்று சொன்ன ஆளா இவன் என்று மூக்கின்மேல் விரல் வைத்தார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எங்க ஏணிக்கு மூக்குன்னா மூக்கு, அப்படி ஒரு மூக்கு" என்று சொல்லத் தொடங்கினார்.

ஏணிக்கு உள்ளூரப் பெருமைதான். ஆனால் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, அடுத்த வாரத்துக்கு வேண்டுமே என்று வாசனைகளை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து பார்ப்பான். புது நோட்டுப் புத்தகம். சூடான இஸ்திரிப் பெட்டி. பிறந்த குழந்தையின் தலை. பெயர் வரும், இடம் வரும், யார் யார் கூட இருந்தார்கள் என்பது வரும். வாசனை மட்டும் வராது. அப்போது கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான்.

நான்காவது செவ்வாய்க்கிழமை விடியற்காலையிலிருந்தே மழை. பின்வாசல் கூரை ஒழுகி, அங்கே அடுக்கியிருந்த காலிப் பெட்டிகள் நனைந்துவிட்டன. ஏணி அவற்றை இழுத்துப் பின்னறை மூலையில் போட்டுவிட்டு, ஈரக் கையோடு வந்து உட்கார்ந்தான். அன்றைக்கு முதலாளியம்மாவும் வகுப்புக்கு வந்திருந்தார். புதிதாக முப்பது பெட்டி சிவப்பு ஒயின் இறக்கியிருந்தார். அதை எப்படி விற்பது என்று எல்லோருக்கும் சொல்லித்தரச் சொல்லி, அதிலிருந்தே ஒரு புட்டியை வாத்தியாரிடம் கொடுத்தார்.

வாத்தியார் திறந்தார், ஊற்றினார், முகர்ந்தார், கண்ணை மூடினார். "ஆகா. பழுத்த நாவல்பழம். கொஞ்சம் மிளகு. ரொம்ப நேர்த்தியான சரக்கு. ஏணி, நீங்க சொல்லுங்க."

ஏணி கோப்பைக்குள் பார்த்தான். கருஞ்சிவப்பு. நாவல்பழத்தை வாத்தியாரே எடுத்துக்கொண்டுவிட்டார், மிளகும் போய்விட்டது. வேறு ஏதாவது வேண்டும். அறையைச் சுற்றிப் பார்த்தான். கண்ணில் பட்டது அந்த மூலைதான்.

"நனைஞ்ச அட்டைப்பெட்டி" என்றான்.

பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. "ஆமா!" என்று கத்தினாள் கல்லா அக்கா. "நானும் அதையேதான் நினைச்சேன்! சொல்லலாமா வேண்டாமான்னு பயந்துக்கிட்டு இருந்தேன்!"

வாத்தியார் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. ஏனென்று ஏணிக்குப் புரியவில்லை. கல்லா அக்கா தன் நோட்டைப் பிரித்து, போன வாரம் எழுதிய பக்கத்தைச் சத்தமாகப் படித்தாள். "புட்டியின் தக்கை கெட்டுப்போனால் ஒயின் கெட்டுவிடும். குடித்தால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் விற்கக்கூடாது. அடையாளம், நனைந்த அட்டைப்பெட்டி வாசனை."

முதலாளியம்மா கோப்பையைப் பிடுங்கி முகர்ந்தார். "அட, ஆமா! குமட்டுதே!"

"சோ... சோதிச்சேன்" என்றார் வாத்தியார். "யாராவது கண்டுபிடிக்கிறாங்களான்னு."

முதலாளியம்மா அதைக் காதில் வாங்காமல், இன்னும் மூன்று புட்டியைத் திறக்கவைத்து முகர்ந்தார். மூன்றிலும் அதே நாற்றம். ஏணியின் இரண்டு தோளையும் பிடிக்கப் பார்த்தார். எட்டாததால் இரண்டு முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "முப்பது பெட்டி! நீங்க மட்டும் இல்லைன்னா என் மானம் கப்பலேறியிருக்கும்!" என்றவர், உடனே சரக்கு அனுப்பிய கம்பெனிக்கு ஃபோன் போட்டார். அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் ஓர் ஏற்பாடு முடிவானது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கம்பெனி ஆள் வருவார். இந்தக் கடைச் சரக்கிலிருந்து சில கோப்பை, தங்கள் அலுவலகத்தில் இருக்கும் நல்ல சரக்கிலிருந்து சில கோப்பை, எது எதென்று சொல்லாமல் எட்டுக் கோப்பை வைப்பார். கடைக்காரர் ஆள் சரியாகப் பிரித்துச் சொல்லிவிட்டால் முப்பது பெட்டியையும் திருப்பி எடுத்துக்கொள்வார்.

"எங்க ஆளு மூக்கை நீங்க பார்த்ததில்லை" என்று சொல்லி ஃபோனை வைத்தார் முதலாளியம்மா.

ஏணி, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று சரக்கறைக்குள் போய் நின்றான். கதவு திறந்தது. வாத்தியார் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். பட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"எப்பங்க கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

"எதை?"

"விளையாடாதீங்க. முதல் நாளே தெரிஞ்சிருக்கும். ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சுன்னு சொல்லி என்னை ஆழம் பார்த்தீங்க. இன்னிக்கு எல்லார் முன்னாடியும் போட்டு உடைச்சீங்க." கைக்குட்டையைக் கசக்கினார். "மூணு வருஷம் ஆச்சுங்க. சைக்கிள்லேர்ந்து விழுந்தேன். பின்மண்டையில அடி. எழுந்து பார்த்தா எல்லாம் இருக்கு, வாசனை மட்டும் இல்ல. எனக்கு வேற தொழில் தெரியாது. லேபிளைப் பார்த்து, புஸ்தகத்துல இருக்கறதை ஒப்பிச்சு ஓட்டிக்கிட்டு இருக்கேன். வெளிய சொல்லிடாதீங்க. உங்களை மாதிரி மூக்கு இருக்கறவங்களுக்கு என் கஷ்டம் புரியாது."

ஏணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினான். முடியவில்லை. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"சார், எனக்கும் இல்ல."

"என்ன இல்ல?"

"மூக்கு."

விஷயம் உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கியதும் வாத்தியார் பக்கத்தில் இருந்த பெட்டியில் தொப்பென்று உட்கார்ந்தார். அதுவும் காலையில் நனைந்து, பின்னறையில் இடம் போதாமல் இங்கே போட்ட காலிப் பெட்டி. அவரை உள்வாங்கிக்கொண்டு தரையோடு தரையாகிவிட்டது. ஏணி கை கொடுத்துத் தூக்கினான்.

"அப்ப அட்டைப்பெட்டின்னு எப்படிச் சொன்னீங்க?"

"மூலையில கிடந்துச்சு, சொன்னேன்."

"அப்ப புல்லு?"

"வெளிய வெட்டிக்கிட்டு இருந்தாங்க."

குருடனும் குருடனும் கைகோத்துக்கொண்டு ஆற்றைக் கடக்கப் புறப்பட்ட கதையாக இருவரும் வெள்ளிக்கிழமையை யோசித்தார்கள். முதலாளியம்மாவிடம் போய்க் கேட்க முடியாது. அவரை விட்டால் அந்தக் கடையில் நம்பி இறங்கக்கூடிய மூக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

கல்லா அக்காவிடம், ஒரு துணைக்கு இருக்கட்டும், லேசாகச் சளி பிடித்திருக்கிறது என்றெல்லாம் சுற்றி வளைத்தார்கள். அவள் இருவரையும் கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் என்னத்தை மறைக்கிறீங்க?"

சொன்னார்கள். வேறு வழியில்லை. கேட்டு முடித்ததும் அவள் ஏணியை ஒன்றும் சொல்லவில்லை. வாத்தியார் பக்கம் திரும்பினாள்.

"அப்ப முதல் நாள் நான் திராட்சைன்னு சொன்னேனே, அது?"

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். "அது சரிதாம்மா. சில ரகத்துலதான் திராட்சை வாசனை அப்படியே நிக்கும். அன்னிக்கு உங்க கோப்பையில ஊத்தினது அந்த ரகம். புஸ்தகத்துலயே போட்டிருக்கு. அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க, நானும் கூடச் சேர்ந்து சிரிச்சுட்டேன். பெரிய தப்பு. மன்னிச்சுக்கம்மா."

அவள் கல்லா இழுப்பறையைச் சத்தம் வரச் சாத்தினாள். பிறகு, "சரி, செய்யறேன். உங்களுக்காக இல்ல, ஏணியண்ணனுக்காக. என்ன செய்யணும்?" என்றாள்.

திட்டம் எளியது. கம்பெனி ஆள் பின்னறையில் ஊற்றிவைப்பார். கோப்பைகளை ஒவ்வொன்றாக முன்னால் கொண்டுவருவது கல்லா அக்கா. வருகிற வழியில் முகர்ந்துவிடுவாள். கெட்டதென்றால் மேசையில் 'டொக்'கென்று சத்தம் வர வைப்பாள். நல்லதென்றால் சத்தமில்லாமல் வைப்பாள். ஏணி சும்மா மூக்கை நீட்டி, கண்ணை மூடி, அதன்படி சொல்ல வேண்டியது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கம்பெனி ஆள் வந்தார். புழுக்கத்திலும் கோட்டுப் போட்டிருந்தார். பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு எட்டுக் கோப்பையில் ஊற்றி, அடியில் எண் ஒட்டி, விடையை ஒரு தாளில் எழுதி மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். கடையின் நடுவில் ஒரு புது மேசை. அதன் முன்னால் ஏணி. பக்கத்தில் முதலாளியம்மா, வாத்தியார், ஓட்டுநர், வேடிக்கை பார்க்க நின்ற இரண்டு வாடிக்கையாளர்கள்.

முதல் கோப்பை. 'டொக்.' ஏணி மூக்கை விட்டான், கண்ணை மூடினான், திறந்தான். "கெட்டது."

இரண்டாவது, சத்தமில்லை. "நல்லது."

மூன்றாவது. 'டொக்.' "கெட்டது."

கோட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மூன்றும் சரி என்று அதிலேயே தெரிந்தது. முதலாளியம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் மேசையில் சிந்தியிருந்த சிவப்புத் துளிகளைப் பார்த்தார். "ஐயையோ, புது மேசை! கறை பிடிச்சுடுமே!" என்று ஓடிப்போய், தடிமனான ஒரு துண்டைக் கொண்டுவந்து, நான்காக மடித்து மேசையில் விரித்தார்.

வாத்தியார் வாயைத் திறந்து மூடினார்.

நான்காவது கோப்பை வந்தது. கல்லா அக்கா ஓங்கித்தான் வைத்தாள். துண்டு அதைத் தலையணைபோல வாங்கிக்கொண்டது. சத்தமே இல்லை. ஏணி கண்ணை மூடி முகர்ந்து, "நல்லது" என்றான்.

கோட்டுக்காரர் முகத்தில் இப்போது லேசாக ஒரு புன்னகை. கல்லா அக்கா ஏணியை முறைத்தாள். அவன் கண்ணை மூடியிருந்ததால் அதைப் பார்க்கவில்லை. ஐந்தாவதை அவள் எவ்வளவு வேகமாக வைத்தாள் என்றால் பாதி ஒயின் துண்டில் கொட்டியது. சத்தம் மட்டும் வரவில்லை.

"இது ரொம்ப நல்லது" என்றான் ஏணி. "ரோஜாப்பூ மாதிரி."

"ரோஜாப்பூவா!" கல்லா அக்கா போட்ட கூச்சலில் வாடிக்கையாளர் ஒருவர் கையிலிருந்த பையை நழுவவிட்டார். "இதுவா ரோஜாப்பூ? மழையில நனைஞ்ச நாயைக் கொண்டுவந்து இதுக்குள்ள குளிப்பாட்டின மாதிரி நாறுது! நாலாவதும் கெட்டது, அஞ்சாவதும் கெட்டது!"

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கரும்பலகை இல்லாத இடம் என்பதாலோ, கோபம் தலைக்கேறியதாலோ, பூனை போய்ப் புலி வந்துவிட்டது. அவளே பின்னறைக்குப் போனாள். மிச்சமிருந்த மூன்று கோப்பைகளையும் விரல்களுக்கு இடையில் கோத்து எடுத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றாக முகர்ந்தாள்.

"ஆறு நல்லது. ஏழு நல்லது. எட்டு கெட்டது. இப்ப அந்தத் தாளை எடுங்க."

கோட்டுக்காரர் தாளைப் பிரித்தார். "ஏழு வரைக்கும் நீங்க சொன்னது சரி. எட்டாவதுல தப்புப் பண்ணிட்டீங்க. அது எங்க ஆபீஸ்லேர்ந்து நானே கொண்டுவந்த நல்ல புட்டி" என்று சிரித்தார்.

"முகர்ந்து பார்த்துட்டுச் சிரிங்க" என்றாள் கல்லா அக்கா.

அவர் முகர்ந்தார். சிரிப்பு நின்றது. இன்னொரு முறை முகர்ந்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். "முப்பது பெட்டியையும் எடுத்துக்கறோம்" என்றார். ஆபீஸில் இருப்பதையும் போய்ப் பார்க்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார். வரும்போது நிமிர்ந்து வந்த மனிதர், மூக்கறுபட்டுப் போனார்.

கதவு மூடியதும் முதலாளியம்மா ஏணி பக்கம் திரும்பினார். "அவ்வளவு நாத்தம் அடிக்கற ஒயினை ரோஜாப்பூன்னு ஏன் சொன்னீங்க?"

ஏணிக்குத் தப்பிக்க வழி இருந்தது. சளி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கல்லா அக்கா காலிக் கோப்பைகளோடு அங்கேயே நின்றிருந்தாள். அவளுக்கு வர வேண்டிய பெயரை நான்கு வாரமாகத் தான் வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது.

"எனக்கு வாசனையே தெரியாதும்மா. போன வருஷக் காய்ச்சல்ல போயிடுச்சு. வகுப்புல சொன்னதெல்லாம் கண்ணுல பட்டதை வெச்சுச் சொன்னது. வாசனை பிடிச்சதெல்லாம் அக்காதான்."

முதலாளியம்மா அவன் மூக்கையே பார்த்தார். பிறகு வாத்தியாரிடம் திரும்பி, "இவன் உளறினதுக்கெல்லாம் நீங்க பிரமாதம்னு சொன்னீங்களே?" என்றார்.

வாத்தியார் கைக்குட்டையை எடுத்தார். மடித்தார். திரும்பப் பையில் வைத்தார். "எனக்கும் தெரியாதுங்கம்மா" என்றார்.

முதலாளியம்மா நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "அப்ப நாலு வாரமா அந்த ரூம்ல யாருக்குத்தான் மூக்கு இருந்துச்சு?"

"துப்பச் சொன்னப்பவே எனக்குச் சந்தேகம்தான்" என்றார் ஓட்டுநர்.

முதலாளியம்மா சாதாரணமாக எல்லோரையும் நீங்க என்றுதான் கூப்பிடுவார். அவர் நீ என்று சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் என்று அர்த்தம். "ஏணி, நீ திங்கக்கிழமையிலேர்ந்து கோடவுன்" என்றார்.

வாத்தியாரை அவர் அனுப்பிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கல்லா அக்காதான் குறுக்கே வந்தாள். "அவர் எழுதிப்போட்டதெல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. அவர் நோட்டு இல்லைன்னா அந்த அட்டைப்பெட்டி விஷயம் எனக்கு எங்க தெரிஞ்சிருக்கும்? அவர் படிச்சுச் சொல்லட்டும், நான் முகர்ந்து சொல்றேன்" என்றாள். மிச்சம் இரண்டு வாரமும் வகுப்பு அப்படியே நடந்தது.

ஏணி இரண்டு பஸ் மாறிக் கோடவுனுக்குப் போனான். முதல் வாரம் பெட்டிகளோடு பேசிப் பார்த்தான். அவை நல்ல பெட்டிகள்தான், குறுக்கே பேசுவதில்லை. ஆனால் அலுத்துவிட்டது. இரண்டாவது செவ்வாய்க்கிழமை மதியம் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. வாத்தியார், கையில் சாப்பாட்டு டப்பாவோடு நின்றார்.

"இந்தப் பக்கம் வந்தேன்" என்றார். அந்தப் பக்கம் யாரும் எதற்கும் வருவதில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

பெட்டியின்மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாதி சாப்பிட்ட பிறகு வாத்தியார் கரண்டியை வைத்துவிட்டு யோசித்தார். "இது நேத்து செஞ்சது. கெட்டுப்போயிருக்குமோ?"

ஏணி முகர்ந்தான். வாத்தியார் முகர்ந்தார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வீட்ல உங்களுக்கு யார் பார்த்துச் சொல்வாங்க?" என்று கேட்டான் ஏணி.

"யாரும் இல்லீங்க. நான் தனியாள். அதனால எதுவா இருந்தாலும் ரெண்டு நாள்ல தூக்கிக் கொட்டிடுவேன்."

"எனக்கு வீட்ல சொல்லுவாங்க. திட்டிக்கிட்டே சொல்லுவாங்க." ஏணி தன் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினான். "இதைச் சாப்பிடுங்க. இது காலையில செஞ்சது, நிச்சயமாத் தெரியும்."

மூன்று வருஷமாக ஒருவரிடமும் சொல்லாததை வாத்தியார் அன்றைக்குச் சொல்லித் தீர்த்தார். ஏணியும் சொன்னான். வேறு யாரிடம் சொன்னாலும் ஐயோ பாவம் என்பார்கள். இங்கே அந்த வார்த்தை வரவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவர் அந்தப் பக்கமாக வந்துகொண்டே இருந்தார்.

பரீட்சையில் கல்லா அக்கா நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கினாள். முடிவைக் கேட்டதும் கல்லாவைப் பூட்டிவிட்டுப் பின்னறைக்குப் போய்க் கால்மணி நேரம் அழுதாள், வந்து மறுபடி கல்லாவைத் திறந்தாள். ஓட்டுநர் எண்பது வாங்கினார். அவர் துப்பினாரா என்பதை யாரும் கேட்கவில்லை. ஏணி எழுத்தில் ஐம்பதுக்கு நாற்பத்தொன்று வாங்கி, முகர்கிற பாதிக்கு உட்காராமலே விட்டான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் முதலாளியம்மாவே கோடவுனுக்கு வந்தார். பெட்டிகளைப் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் நடந்தார்.

"கடையில எல்லாரும் புஸ்தகம் மாதிரி பேசறாங்க" என்றார் கடைசியில். "ஒரு புட்டி கேட்டு வந்தவங்களுக்கு அரைமணி நேரம் பாடம். அக்கா ஒருத்திதான் சுருக்கமாப் பேசறா, அவளையும் கல்லாவை விட்டு எழுப்ப முடியல. முழங்கால் வலிக்காரர் ரெண்டு தடவை வந்து, அந்த உயரமான தம்பி எங்கன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போயிட்டார். நீங்க கிளம்பி வாங்க."

நீங்க என்ற சொல்லை ஏணி கவனித்துக்கொண்டான்.

"யாராவது வாசனை கேட்டா?"

"தெரியாதுன்னு சொல்லுங்க. சொல்லத் தெரியுமில்ல?"

"இப்பத் தெரியும்மா."

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னான். அவள் கேட்டு முடிக்குமுன்பே சந்தோஷத்தில் அடுப்பைத் தாழ்த்திவிட்டு மாடிக்கு ஓடினாள், தம்பியிடம் சொல்ல. போகிற போக்கில் வாசற்படியிலிருந்து திரும்பி, "பாலு மேல ஒரு கண்ணு வெச்சுக்கோங்க. கண்ணு போதும்" என்றாள்.

ஏணி ஒரு நாற்காலியை இழுத்து அடுப்புக்கு நேராகப் போட்டு, கை கட்டி உட்கார்ந்து, பாலையே பார்த்துக்கொண்டிருந்தான்.